ஓகஸ்ட் மாதப் புத்தகம்

அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

கொழும்பிலிருந்து வந்த பெண் டொக்டர். சொந்த ஊர் கண்டிப் பக்கம். நல்ல தமிழ். எங்கள் தமிழ் அல்ல. அவருடன் மடிக்கணினியோடு ஓர் உத்தியோகத்தர். தமிழ் தெரியாது. சிரிக்கத் தெரியும். எங்கள் பணிமனையின் வைத்திய அதிகாரி. நாங்கள் ஐயா என்போம். தொண்டர்கள் ஐந்து பேர்: வசந்தி, யோகன், பிறகு சேர்ந்த மூன்று பிள்ளைகள். கடைசிக் கதிரையில் நான்.

நான் டெங்கு நுளம்புக் கட்டுப்பாட்டுக் களப்பணியாளன். எட்டாம் வகுப்பு. இருபத்தொன்பது வருடம் வடமராட்சியில் வீடு வீடாகப் போய்க் கிணறு, தண்ணீர்த் தொட்டி, பூச்சட்டி, கூரைப் பீலி பார்த்தவன். இப்போது ஓய்வு.

மற்றப் பகுதிகளுக்குப் புதிதாக நியமனம் பெற்றிருக்கும் உங்களுக்கு என் அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பாடம் இருக்க வேண்டும் என்றார்கள். நான் ஒன்றுதான் எழுதுகிறேன். அதன் பாடம் எனக்கே சரியாகப் பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடிபட்டால் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. மாசி மாதம். மண்டபத்தில் மின்விசிறி சத்தம்போட்டுச் சுற்றியது. திரையில் முதலில் வந்த எழுத்து ‘தேசிய சுகாதார மூலோபாயம்’. எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த யோகனைக் கேட்டேன்.

“அண்ணை, நாடு முழுக்க நோய் வருத்தம் வராமல் பாக்கிறதுக்கு ஒரு பெரிய பிளான்.”

“அதுக்கு ஏன் உந்தப் பேர்?”

“சின்னப் பேர் வைச்சால் பெரியாக்கள் கையெழுத்து வையாங்களாம்.”

இரண்டாவது வந்த சொல் ‘ஆளணி’. அது எனக்குத் தெரியும். எத்தனை பேருக்கு வேலை என்பது.

டொக்டர் எழுந்து நின்று கதைத்தார். “பயிற்சியுள்ள ஆளணி எவ்வளவு வேணும்னு நாடு முழுக்கக் கணக்கெடுக்கிறோம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு எண்ணிக்கை. இங்க என்ன வருதோ, அதுதான் வர்ற பத்து வருஷத்துக்கு. அதுக்கு மேல ஒரு ஆளையும் எடுக்க முடியாது.”

ஐந்து தொண்டர்களும் நிமிர்ந்து இருந்தார்கள்.

தொண்டர் என்றால் என்ன என்று நீங்கள் அறியமாட்டீர்கள். நீங்கள் நியமனக் கடிதத்தோடு வந்தவர்கள். தொண்டர் எங்களைப்போல அதே வேலை செய்வார், அதே வெயிலில் நடப்பார், ஆனால் கடிதம் இல்லை. எப்போதாவது நிரந்தரமாக்குவார்கள் என்று இருப்பார். வசந்தி அப்படிப் பன்னிரண்டு வருடம் இருந்தாள். அவளுக்கு அடுத்த வருடம் நியமனத்துக்கான வயதெல்லை முடிகிறது. கணவனுக்கு முதுகு இயலாது. வீட்டில் உழைப்பது அவள்தான்.

இன்னொன்று. நியமனம் படிப்பு வரிசைப்படி. மற்ற நான்கு பேரும் பதினோராம் வகுப்புச் சாதாரண தரம் சித்தி. வசந்தி என்னைப்போல எட்டாம் வகுப்பு. வரிசையில் அவள் ஐந்தாவது. ஐந்து இடம் வந்தால் அவளுக்கு வேலை. நான்கு வந்தால் இல்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

உத்தியோகத்தர் ஒரு பொத்தானை அமத்தினார். திரையில், பார்த்த வீட்டுக்கு நேரே நாங்கள் சரி போடுகிற மாதப் புத்தகங்களின் கணக்கு வந்தது. ஒருவர் ஒரு நாளில் பார்த்த வீடு: ஐம்பது. நாங்கள் மாதத்தில் பத்து நாள் வீடு பார்ப்போம். மற்ற நாட்களில் புகையடிப்பு, பாடசாலை, திருவிழா வேலை.

“அதையெல்லாம் வேற பிரிவுக்குக் கொடுக்கப் போறோம்,” என்றார் டொக்டர். “நீங்க இருபது நாளும் வீடு மட்டும் பார்த்தா, ஒருத்தர் மாசத்துக்கு ஆயிரம் வீடு. இங்க இருக்கிறது மூவாயிரம். அப்போ மூணு பேர்.”

யோகன் என் காலை மிதித்தான். வசந்தி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக்டர் என்னைப் பார்த்தார். “நீங்கதான் இங்க மூத்தவர். ஐம்பது சரியா?”

ஐம்பது சரியல்ல.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பூட்டின வீடுகள் அதிகம். ஆட்கள் கனடாவில், லண்டனில். வளவுக்குள் கிணறு திறந்து கிடக்கும். மேலே தொட்டி மூடியில்லாமல் கிடக்கும். பூட்டின் திறப்பு எந்த ஊரில் எந்தச் சொந்தக்காரரிடம் இருக்கிறதென்று தேட அரை நாள் போய்விடும். நான் வேலைக்கு வந்த புதிதில், புத்தகத்தில் பூட்டின வீட்டுக்கு நேரே பெட்டியை வெறுமையாக விட்டேன். எனக்கு வேலை பழக்கியவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

“வெறும் பெட்டி விட்டால் மேலிடத்திலையிருந்து ஏனெண்டு கேட்டுக் கடிதம் வரும். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதிற நேரத்திலை பத்து வீடு பாக்கலாம். சரி போடடா.”

நல்ல மனிதர். காய்ச்சலோடு வந்து வேலை செய்வார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. போட்டேன். ஆனால் பொய்யாகப் போட்ட சரியின் கீழே சிறிதாக ஒரு புள்ளி வைப்பேன். பிறகு திரும்பிப் போய்ப் பார்க்கலாம் என்று. திரும்பிப் போனது குறைவு. பிறகு வந்தவர்களுக்கு நான் அதையே பழக்கினேன். இப்படித்தான் ஐம்பது வந்தது.

இப்போது டொக்டர் கேட்கிறார், சரியா என்று.

சரி என்றால் மூன்று பேர். பிழை என்றால் புத்தகம் பொய். என் புத்தகம் மட்டுமல்ல; தொண்டர்களின் புத்தகமும். பொய்ப் புத்தகம் எழுதியவர்களுக்கு மூன்று இடமும் கொடுக்கமாட்டார்கள் என்றும் இருக்கலாம். ஐயா என்னைப் பார்த்தார். அவருடைய கையெழுத்தும் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது.

தேநீர் வந்தது. அதற்குள் ஒரு யோசனை வந்தது.

“டொக்டர், நான் படிக்காதவன். கணக்குத் தெரியாது. நாளைக்கு எங்களோடை நடந்து பாருங்கோ.”

டொக்டர் சந்தோஷப்பட்டார். “யாரோட போகலாம்?”

“வசந்தியோடை,” என்றேன்.

இது என் முதல் பிழை. பூட்டின வாசலில் நின்று காய்ந்தால் டொக்டருக்கு விளங்கும் என்று நினைத்தேன். வசந்தியின் வேலையையும் கண்ணால் காண்பார் என்று நினைத்தேன். ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று எண்ணிவிட்டேன். தலையில்தான் விழுந்தது.

அடுத்த நாள் காலை எட்டரைக்குத் தொடங்கினோம். டொக்டர், உத்தியோகத்தர், வசந்தி, நான். முதல் மூன்று வீடும் திறந்திருந்தன. நாலாவது வீட்டுப் படலையில் பெரிய ஆமைப்பூட்டு. எனக்குள் ஒரு மகிழ்ச்சி. இனித்தான் டொக்டருக்கு விளங்கும்.

வசந்தி தோளில் கிடந்த சீலைப்பையைத் திறந்தாள். உள்ளே திறப்புக்கோர்வை. ஒவ்வொரு திறப்பிலும் நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸ் பூசியிருந்தது. சிவப்பு, ஊதா, பச்சை. ஊதாவை எடுத்துப் படலையைத் திறந்தாள்.

“இது எங்காலை?” என்று கேட்டேன்.

“வெள்ளிக்கிழமையிலை சாமியறையிலை விளக்கு வைக்கச் சொல்லித் தந்தவை அண்ணை. விளக்கு வைக்கப் போனால் தொட்டியையும் பாத்திட்டு வாறது.”

“இவ்வளவு நாளும் சொல்லேல்லையே.”

“நீங்கள் கேக்கேல்லையே.”

இருபத்தொன்பது வருடம் வேலை செய்தவன் நான். அந்த வீட்டின் உள்ளே அன்றுதான் முதல்முறை போனேன்.

வசந்தி கிணற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய போன் அடித்தது. வீட்டுக்காரர். மெல்பேர்ணிலிருந்து. படத்தோடு கதைக்கும் அழைப்பு.

“பிள்ளை, கிணத்தடி மாதுளை காய்ச்சதோ? ஒருக்கால் காட்டும்.”

“மாமா, இப்ப வேலையாய் நிக்கிறன். கொழும்பிலையிருந்து பெரிய டொக்டர் வந்து பக்கத்திலை நிக்கிறா.”

“அப்பிடியே? அப்ப அவவிட்டை ஒருக்கால் குடும். எனக்குச் சுகர் இருநூறு. மாதுளை தின்னலாமோ எண்டு கேப்பம்.”

டொக்டர் சிரித்துவிட்டு மாதுளையைக் காட்டினார். தின்னலாம், அளவாக என்றார். மெல்பேர்ணில் அவர் இரண்டு கையாலும் கும்பிட்டார்.

அன்று வழியில் ஒன்பது பூட்டின வீடு. ஒன்பதும் திறந்தன. மற்ற வீடுகளிலும் நிற்க நேரமில்லை. வசந்தியின் குரல் கேட்டால் தொட்டி மூடியைத் தாங்களே கழற்றி வைத்துவிட்டு நிற்கிறார்கள். எனக்கு என்றால் முதலில் நாய் வரும்.

மூன்றரைக்கு முடித்தோம். உத்தியோகத்தர் எண்ணினார். நாற்பத்தெட்டு.

“ஐம்பதுக்குக் கிட்ட!” என்றார் டொக்டர். “ரொம்ப நல்லம். உங்க புத்தகத்துல இருக்கிறது உண்மைதான். நான் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். மன்னிச்சுக்கங்க.”

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். வசந்தி கால் கழுவிக்கொண்டிருந்தாள். தன் வேலையைத் தானே வெட்டிவிட்டாள் என்று அவளுக்கு விளங்கியிருக்கும். முகத்தில் ஒன்றும் இல்லை. அவள் மெதுவாக நடந்திருக்கலாம். இரண்டு திறப்பை மறந்துவிட்டு வந்திருக்கலாம். அப்படிச் செய்யத் தெரியாது. நான் முதல்நாளே சொல்லியிருந்தால் செய்திருப்பாளா? அதுவும் தெரியாது.

நல்ல வேலைக்காரி ஒருத்தி தன் இடத்தையே குறைக்கிற கணக்கு எப்படிச் சரியாகும் என்று யோசித்தேன். எங்கேயோ பிழை இருக்கிறது. எங்கே என்று பிடிக்க முடியவில்லை.

பணிமனைக்கு வந்ததும் டொக்டரிடம் போனேன். ஐயாவும் இருந்தார். என் ஓகஸ்ட் மாதப் புத்தகத்தை மேசையில் வைத்தேன். அவர்கள் எல்லோரிடமும் எடுத்துக் கணக்குப் பார்த்தது ஓகஸ்ட் மாதம்தான்.

“இது என்ரை கை. இதிலை பூட்டின வீட்டுக்குப் போட்ட சரியெல்லாம் பொய்.”

ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.

“மத்தவங்களும் இப்படியா?” என்று டொக்டர் கேட்டார்.

“என்ரை புத்தகத்துக்குத்தான் நான் சாட்சி.”

டொக்டர் கொஞ்ச நேரம் புத்தகத்தைப் புரட்டினார். “அப்போ வசந்தி எப்படிச் செய்றாங்க?”

“அவவிட்டைத் திறப்பு இருக்கு டொக்டர். நீங்கள் படிப்பைப் பாத்து எடுக்கப்போற ஆக்களிட்டை இராது.”

“திறப்புக்கு என் அட்டவணையில் இடம் இல்லையே.” அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

பிறகு உத்தியோகத்தரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவர் தட்டினார். டொக்டர் என் பக்கம் திரும்பினார்.

“இந்தப் புத்தகத்துல ஐந்நூறு சரி இருக்கு. எத்தனை பொய்னு சொல்லுங்க. அதைக் கழிச்சு எல்லோருக்கும் போடுறேன். ஒருத்தரையும் தண்டிக்க நான் வரல்ல. மூணுக்கு மேல கொஞ்சம் மிஞ்சினாலும் ஒரு முழு ஆள்; ஒன்று இரண்டு பொய் இருந்தாலே நாலு பேர் வந்துரும். ஐந்து வரணும்னா நூற்றிருபத்தைந்துக்கு மேல இருக்கணும்.”

நூற்றிருபத்தைந்துக்கு மேலே. இதை அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஏன் சொன்னார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். எனக்கு ஒரு வழி காட்டினாரா? அல்லது அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் செய்கிற ஆளா?

புத்தகத்தோடு பக்கத்து அறையில் போய் இருந்தேன். புள்ளி வைத்த சரிகளை எண்ணினேன். முப்பத்தேழு. இன்னொரு முறை எண்ணினேன். முப்பத்தேழு.

எனக்கு நம்ப முடியவில்லை. இவ்வளவு காலமும் மனதில் கிடந்த பாரம் முப்பத்தேழுதானா? எனக்கு முன்னூறு போல இருந்தது.

பேனை சட்டைப்பையில் இருந்தது. புள்ளி வைக்க எவ்வளவு நேரம்? தொண்ணூறு புள்ளி. பத்து நிமிடம். ஆருக்கும் தெரியாது. பேனையை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். இருந்தேன்.

பொய்யை ஒப்புக்கொள்ள வந்த இடத்தில் இன்னொரு பொய்யா என்று நினைத்தேன். அது நேர்மையா, பயமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூடியைப் பூட்டினேன்.

“முப்பத்தேழு,” என்று போய்ச் சொன்னேன்.

உத்தியோகத்தர் தட்டினார். திரையில் நான்கு வந்தது.

டொக்டர் என்னை ஒருமுறை பார்த்தார். “சரி,” என்றார்.

அவர்கள் போன பிறகு யோகன் வந்தான். அவன் எப்படியோ அறிந்துவிட்டான்.

“அண்ணை, உங்களுக்கு எண்ணத் தெரியாதோ? எட்டாம் வகுப்பிலை நூறுக்கு மேலை படிப்பிக்கேல்லையோ?”

“நாலிலை நீ இருக்கிறாய்தானே. போ.”

“நான் இருக்கிறன். அவ இல்லை.”

அவன் பகிடிக்காரன். அன்று பகிடி விடவில்லை.

பங்குனி முடிவில் கடிதம் வந்தது. எங்கள் பகுதிக்கு ஆளணி நான்கு. நான்கு பெயர். வசந்தியின் பெயர் இல்லை. எனக்கு விளக்கக் கடிதம் ஒன்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பதில் வரவில்லை. தண்டித்திருந்தால் இந்தக் குழப்பம் குறைந்திருக்கும்.

அடுத்த நாள் வசந்தி தன் புத்தகங்களை ஒப்படைக்க வந்தாள். வேப்பமரத்தின் கீழ் சைக்கிளை நிறுத்தினாள். நான் போய் நின்றேன்.

“பிள்ளை, நான் எண்ணினதைத்தான் சொன்னனான்.”

“தெரியும் அண்ணை. நீங்கள் கூட்டிச் சொல்லுவியள் எண்டு நான் நினைக்கேல்லை.”

“அது நல்லதோ, கெட்டதோ?”

“எனக்கென்ன தெரியும்?” புத்தகங்களைக் கரியரிலிருந்து அவிழ்த்தாள். பிறகு சொன்னாள். “ஒண்டு கேக்கிறன். அவை ஏன் ஓகஸ்ட் புத்தகத்தை எடுத்தவை?”

“எல்லாரும் முழுசாக் குடுத்த மாசம் அதுதானாம்.”

“ஓகஸ்டிலை நல்லூர், பிறகு சந்நிதி. கனடா, லண்டன் எல்லாம் இஞ்சைதானே வந்து நிண்டது. ஆரின்ரை வீடு பூட்டிக் கிடந்தது?”

நான் மனதுக்குள் அந்த ஓகஸ்டைப் புரட்டினேன்.

கோயில் திருவிழாவுக்கு ஊர் முழுக்கத் திறந்து கிடந்த மாதம் அது. ஒவ்வொரு வாசலிலும் கார். நுளம்பும் இல்லை, பூட்டும் இல்லை. அந்த மாதத்தை வைத்துப் பத்து வருடத்துக்குக் கணக்குப் போட்டுவிட்டார்கள். டொக்டருக்குத் தெரிய நியாயமில்லை. கண்டிக்காரி. எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் அந்தத் திருவிழாவில் புகையடித்தவன் நான். என் பொய்யையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாதத்தைப் பார்க்கவில்லை.

“அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?”

“என்னை ஆர் கேட்டது?” கோபமில்லாமல்தான் சொன்னாள். சைக்கிளைத் திருப்பினாள். “போட்டு வாறன் அண்ணை.”

டொக்டருக்குப் போன் எடுத்தேன். வேறொருவர் கதைத்தார். டொக்டர் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டாராம். திட்டம் அச்சுக்குப் போய்விட்டதாம். திருத்தம் இருந்தால் அடுத்த மீளாய்வில் சொல்லலாமாம். அது எப்போது என்று கேட்டேன். ஐந்து வருடம் கழித்து என்றார். வசந்திக்கு அப்போது எத்தனை வயது என்று எண்ணினேன். விட்டுவிட்டேன்.

அவள் இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைக்கப் போகிறாள். தொட்டியும் பார்க்கிறாளாம். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. அடுத்த மழைக்கு எங்கள் பகுதியில் டெங்கு குறைவாக இருந்தால் திட்டம் சரி என்பார்கள்.

பாடம் கேட்டீர்கள். உண்மையைச் சொல்லுங்கள் என்று எழுத மனம் வருகிறது. நான் சொன்னது உண்மைதானே. அதனால் அவளுக்கு என்ன கிடைத்தது? பொய் சொல்லியிருக்கலாம் என்று எழுதவும் கை வரவில்லை. ஒன்று மட்டும் எழுதுகிறேன். ஐந்து வருடம் கழித்து யாராவது வந்து உங்களிடம் எண்ணிக்கை கேட்பார்கள். எந்த மாதப் புத்தகம் என்று முதலில் கேளுங்கள். பிறகு, உங்களில் எல்லோருக்கும் கடைசியில் இருப்பவர் யாரோ, அவரைக் கதைக்க விடுங்கள்.

ஓய்வுக்கு முதல் நாள் அலுமாரியைத் திறந்து நவம்பர் மாதப் புத்தகத்தை எடுத்தேன். மழை மாதம், நுளம்பு மாதம், வெளிநாட்டுக்காரர் ஒருவரும் இல்லாத மாதம். அதே என் கை. அதே ஐந்நூறு சரி. சன்னல் பக்கம் போய் இருந்து, விரல் வைத்துப் புள்ளிகளை எண்ணினேன்.

நூற்றுத் தொண்ணூற்று மூன்று.